கோழி அடையும் நேரம்

சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டும் என்பதில் யாருக்கும் கருத்து வேற்றுமை இராது. அரிச்சந்திரன் கதையைக் கேட்டுக் கண் கலங்காதவர்கள் நம்மில் குறைவு. ஆனால், கொடுத்த சொல் ஒரு கோழியைப் பற்றியது என்றால் அதை எவ்வளவு தூரம் பொருட்படுத்துவது? இந்தக் கேள்வி சென்ற மார்கழியில் ஓர் இரவு என் முன் வந்து நின்றது. வாசகர்கள் சிரிக்கலாம். நானும் சிரித்துவிட்டுப் படுத்துவிடலாம் என்றுதான் பார்த்தேன். தூக்கம் வரவில்லை.

என் ஊர் புதுக்கோட்டை மாவட்டத்தில் குன்றாண்டார்கோவில். திருச்சியிலிருந்து புதுக்கோட்டை போகும் சாலையில் கீரனூரில் இறங்கி, அங்கிருந்து வேறு பேருந்து பிடிக்க வேண்டும். ஓர் ஊராட்சி ஒன்றியத்துக்கே பெயர் கொடுத்த ஊர் என்றாலும் பெரிய ஊர் என்று சொல்ல மாட்டேன். இங்கே குன்றைக் குடைந்து எட்டாம் நூற்றாண்டில், பல்லவர் காலத்தில், சிவனுக்கு ஒரு குகைக்கோயில் எடுத்தார்கள். பல நூற்றாண்டு கழித்து வந்தவர்கள் அதன் முன்னால் தேரைப் போல ஒரு மண்டபம் கட்டி, கல் குதிரைகள் அதை இழுப்பது போல் அமைத்தார்கள். குகை வாயிலின் இருபுறமும் துவாரபாலகர் நிற்கிறார்கள். ஆயிரத்து இருநூறு ஆண்டுகளாக நிற்கிறார்கள். சின்ன வயதில் ஒரு நாள், "இவங்க தூங்கவே மாட்டாங்களாம்மா?" என்று கேட்டேன். "வாசல்ல நிக்கிறவன் தூங்குனா உள்ள இருக்கிறவன் எப்பிடிடா தூங்குவான்?" என்றாள் அம்மா.

அம்மா கோழி வளர்த்தாள். எங்கள் பக்கத்தில் கோழி வளர்க்காத வீடு ஏது? முட்டை விற்ற காசில்தான் எனக்குப் பள்ளிக்கூடத்து நோட்டும் பென்சிலும் வந்தன. எனக்கு நினைவு தெரிந்த நாள் முதல் அவள் ஓர் இரவு கூட வெளியூரில் தங்கியதில்லை. கல்யாண வீட்டுக்குப் போனால் தாலி கட்டி முடிந்ததும் பந்தியில் உட்கார்ந்து எழுந்து, பொழுது சாய்வதற்குள் ஊர் திரும்பிவிடுவாள். ஒரு சமயம் என் நாவல் ஒன்றுக்குச் சென்னையில் பரிசு கொடுத்தார்கள். அம்மாவை முன் வரிசையில் உட்கார வைத்துப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை. "நீ போயி வாங்கிட்டு வா ராசா. நானும் வந்துட்டா கோழிய யாரு அடைக்கிறது?" என்று சொல்லிவிட்டாள். அந்த வருத்தம் எனக்கு வெகு நாள் இருந்தது. ஒரு டஜன் கோழிக்குக் கொடுக்கிற மதிப்பை மகனுக்குக் கொடுக்கவில்லையே என்று நினைத்தேன்.

கடைசி நோயில் படுத்திருந்தபோது அவள் நிலத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நகையைப் பற்றியும் சொல்லவில்லை. "கோழிய மட்டும் பொழுதோட அடைச்சிரு" என்றாள். "சரிம்மா" என்றேன். அவ்வளவு சுலபமாக நான் என் வாழ்நாளில் வேறு எந்த வாக்கும் கொடுத்ததில்லை.

கிரேக்க ஞானி சாக்ரடீஸ் கி.மு. 399-இல் நஞ்சருந்தி இறக்கும் தறுவாயில் கடைசியாகச் சொன்னதும் ஒரு சேவலைப் பற்றித்தான் என்று அவருடைய சீடர் பிளாட்டோ எழுதி வைத்திருக்கிறார். மருத்துவத் தெய்வத்துக்கு ஒரு சேவல் கடன் இருக்கிறது, அதை மறக்காமல் செலுத்திவிடு என்று நண்பர் கிரீட்டோவிடம் சொன்னாராம். அதற்கு என்ன பொருள் என்று அறிஞர்கள் இன்றைக்கும் விவாதிக்கிறார்கள். அம்மா சொன்னதற்கு நான் பொருள் தேடவில்லை. கோழி என்றால் கோழி, அவ்வளவுதான் என்று இருந்துவிட்டேன்.

ஒன்றரை வருஷம் அந்த வாக்கை என் மனைவி காப்பாற்றினாள். சென்ற ஐப்பசியில் மகளின் பேறுகாலத்துக்காக அவள் கோயம்புத்தூர் போனாள். பன்னிரண்டு பெட்டையும் ஒரு சேவலும் என் பொறுப்புக்கு வந்தன. எனக்கோ திருச்சியில் உத்தியோகம். காலையில் ஏழு மணிக்குக் கிளம்பினால் திரும்புவதற்கு மாலை ஆறு, ஆறரை ஆகும். இரவில் தொடர்கதை. சனி, ஞாயிறுகளில் கூட்டம். "மூச்சு விட நேரமில்லை" என்று நண்பர்களிடம் சொல்லிக் கொள்வதில் எனக்கு ஒரு பெருமை கூட உண்டு.

கோழி கடிகாரம் பார்ப்பதில்லை, வெளிச்சத்தைப் பார்க்கிறது. அதன் கண் பகலுக்கென்று அமைந்தது. பகல் வெளிச்சத்தில் நம்மை விட நன்றாக நிறம் பிரித்துப் பார்க்கும், மங்கலில் குருடு. அதனால் பொழுது மங்கும்போதே தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்துவிடும். ஆனி மாதத்தில் ஆறரைக்கு மேல் அடைகிற கோழி கார்த்திகையில் ஆறு மணிக்கு முன்பே அடைந்துவிடும். ஆகவே, நான் வீட்டுக்கு வரும்போதெல்லாம் கோழிகள் தாமாகவே கூட்டுக்குள் போய் உட்கார்ந்திருந்தன. நான் செய்ய வேண்டியது கதவைச் சாத்திக் கொண்டியைப் போடுவது ஒன்றுதான். அரை நிமிஷ வேலை.

மார்கழியில் ஒரு சனிக்கிழமை திருச்சியில் ஓர் இலக்கியக் கூட்டம். 'இலக்கியத்தில் கருணை' என்பது எனக்குக் கொடுத்த தலைப்பு. நான் நன்றாகவே பேசினேன். கை தட்டினார்கள். கூட்டம் முடிந்ததும் நண்பர்கள் விடவில்லை. காப்பி சாப்பிட்டு, பேசி, கடைசிப் பேருந்தைப் பிடித்தேன். நடுவழியில் கோழிகளின் நினைவு வந்தது என்பதை மறைக்க மாட்டேன். "ஒரு நாள்தானே, ஒன்றும் ஆகாது" என்று நினைத்தேன். பக்கத்து வீட்டு அத்தையின் எண் என் கைப்பேசியில் இருந்தது. அந்த நேரத்தில் எழுப்ப வேண்டாமே என்று விட்டுவிட்டேன். உண்மை அதுவல்ல. எழுப்பினால் மறந்துபோனதை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும்.

வீட்டுக்கு வந்து டார்ச்சை அடித்துப் பார்த்தேன். கூட்டுக்குள் ஏழு கோழிகள் செத்துக் கிடந்தன. எதையும் தின்றதாகத் தெரியவில்லை. கழுத்தில் கடி மட்டும் இருந்தது. ஒன்றை மட்டும் தூக்கிக்கொண்டு போயிருந்தது. மூலையில் பிரம்புக் கூடையில் அடை உட்கார்ந்திருந்த சாம்பல் பெட்டை முட்டையை விட்டு எழுந்திருக்கவேயில்லை, உட்கார்ந்தபடியே செத்திருந்தது. நாலு பெட்டையும் சேவலும் எப்படியோ வெளியே வந்து முருங்கை மரத்தில் தொற்றிக்கொண்டிருந்ததை விடிந்த பிறகுதான் கண்டேன்.

காலையில் அத்தை வந்து பார்த்துவிட்டு, "மரநாய் வேலை தம்பி" என்றாள். அந்தப் பக்கம் போன பெரியவர் ஒருவர் நின்று, என் முகத்தைப் பார்த்து, "இதுக்குப் போயி ஏந் தம்பி இம்புட்டு வெசனம்? எப்பிடியும் பொங்கலுக்கு அறுக்கிறதுதானே?" என்று ஆறுதல் சொன்னார்.

அந்த ஆறுதலில்தான் என் கேள்வி தொடங்கியது. அவர் சொன்னதில் என்ன தவறு? நான் கோழிக்கறி உண்கிறவன். வருகிற பொங்கலுக்கு அடுத்த நாள் அவற்றில் ஒன்று என் வீட்டு அடுப்பில் கொதித்திருக்கும். பத்து நாளில் நானே கொல்லப் போகிற ஒன்றை, இன்றிரவு வேறொரு பிராணி கொன்றது என்பதற்காக வருந்த எனக்கு யோக்கியதை உண்டா?

பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் என்ற ஆங்கிலத் தத்துவ ஞானி 1912-இல் வெளிவந்த ஒரு நூலில் ஒரு கோழியைப் பற்றிச் சொல்கிறார். அதற்குத் தினந்தோறும் ஒருவன் இரை போடுகிறான். நேற்றும் போட்டான், இன்றும் போட்டான், ஆகவே நாளைக்கும் போடுவான் என்று கோழி நம்பி வருகிறது. கடைசியில் ஒரு நாள் அதே கை அதன் கழுத்தைத் திருகிவிடுகிறது. நேற்று நடந்தது நாளைக்கும் நடக்கும் என்று நம்புவதற்கு என்ன ஆதாரம் என்பது அவர் கேள்வி. கோழியின் பக்கம் நின்று கேட்கிற கேள்வி அது. மனிதனின் பக்கம் நின்றால் வேறொரு கேள்வி எழுகிறது. ஆயிரம் நாள் நம்பி வந்த கோழியை அந்தக் கடைசி நாள் ஏமாற்றப் போகிறது என்றால், மற்ற நாட்களிலாவது அந்த நம்பிக்கை உண்மையாக இருக்க வேண்டாமா?

எப்படியும் சாகப் போகிறதுதானே என்ற வாதத்தைச் சற்று நீட்டிப் பாருங்கள். அது கோழியோடு நிற்காது. எப்படியும் சாகப் போகிறவர்கள்தாம் நாம் எல்லாரும். அதனால் எந்த விதத்தில் செத்தாலும் ஒன்றுதான் என்று எந்த மருத்துவமனை வாசலிலும் யாரும் சொல்வதில்லை. பொங்கலுக்குக் கோழியை அறுக்கும்போது நான் தீர்மானித்து அறுக்கிறேன். அது பாவமென்றால் அந்தப் பாவத்தில் என் கையெழுத்து இருக்கிறது. மார்கழி இரவில் செத்த ஏழு கோழிகளுக்கு யாருடைய கையெழுத்தும் இல்லை. அவை என் தீர்மானத்தால் சாகவில்லை. என் மறதியால் செத்தன. மனிதன் தன் தீர்மானங்களுக்குப் பதில் சொல்லப் பழகியிருக்கிறான். மறதிக்கு மட்டும் ஆள் தேடுகிறான்.

எங்கள் மாவட்டத்திலேயே சித்தன்னவாசல் இருக்கிறது. அங்கே குன்றின் மேல், குகையின் தரையில் கல்லைச் செதுக்கிப் படுக்கை செய்து சமணத் துறவிகள் தவம் புரிந்தார்கள். கொல்லாமையே தலையாய அறம் என்றார்கள். பொழுது சாய்ந்தபின் உண்பதில்லை என்ற நோன்பும் அவர்களுக்கு உண்டு. இருட்டில் தெரியாமல் ஓர் உயிருக்குத் தீங்கு வந்துவிடக் கூடாதே என்ற எண்ணம். அவர்களிடம் போய் என் கேள்வியைக் கேட்டிருந்தால், "கொல்லாதே; வளர்க்காதே" என்று இரண்டே வார்த்தையில் முடித்திருப்பார்கள். சுத்தமான பதில். அதை ஏற்கிற திடம் என்னிடம் இல்லை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். ஆனால் திடமில்லாதவனுக்கும் ஓர் அறம் வேண்டுமே! கொல்லாமை முடியாதவனுக்குக் கைவிடாமையாவது இருக்க வேண்டும்.

சரி, மரநாயைக் குற்றம் சொல்லலாமா? ஒன்றுக்குப் பசித்து வந்தது எட்டைக் கொன்றதே, அது என்ன வெறி? இப்படித்தான் முதலில் பொருமினேன். பிறகு படித்துப் பார்த்ததில், விலங்கு நூலார் இதை வெகு நாளாக அறிந்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. ஹான்ஸ் குரூக் என்ற அறிஞர் 1972-இல் இதைப் பற்றி ஒரு கட்டுரையே எழுதியிருக்கிறார். காட்டில் இப்படி நடப்பது அபூர்வம். ஒன்றைப் பிடித்ததுமே மற்றவை பறந்து தப்பிவிடும். வேட்டை அத்தோடு முடியும். இரை தப்ப வழியில்லாமல் கண் முன்னே படபடத்துக்கொண்டே இருந்தால், பிடிக்கிற உணர்ச்சி அடங்குவதில்லை. பசி தீர்ந்தாலும் வாய் கடித்துக்கொண்டே இருக்கிறது. மரநாய்க்கு எண்ணத் தெரியாது.

இதைப் படித்தபோது எனக்கு ஒன்று சுரீரென்று பட்டது. கோழியின் மூதாதையான காட்டுக்கோழி மரக்கிளையில் அடைகிறது. இருட்டில் கண் தெரியாவிட்டாலும் உயரம் அதற்குக் காவல். மனிதன் அதை அழைத்து வந்தான். "மரம் வேண்டாம், இங்கே வா, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றான். நாலு பக்கமும் கம்பி வலை அடித்துக் கூடு செய்து, ஒரு வாசல் வைத்தான். அந்த வாசலை மூடினால் அது கூடு. மூடாமல் விட்டால் அது பொறி. கதவு திறந்து கிடக்கிற கூட்டைவிட மொட்டை மரம் மேல். முருங்கையில் ஏறிய ஐந்தும் பிழைத்தன. நான் பணம் செலவழித்துக் கட்டிய கூட்டுக்குள் என்னை நம்பி உட்கார்ந்திருந்தவை செத்தன. அரைகுறைக் காவல், காவலே இல்லாததைவிடக் கொடியது. காவல் இல்லாத உயிர் தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும். காவல் உண்டென்று நம்பிய உயிர் கண்ணை மூடிவிடும்.

கண்ணை மூடுவது என்பதும் சாதாரண விஷயமல்ல. 1999-இல் அமெரிக்காவில் இந்தியானா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் வாத்துகளை வரிசையாகத் தூங்க வைத்துப் பார்த்தார்கள். நடுவில் இருந்தவை பெரும்பாலும் இரண்டு கண்ணையும் மூடித் தூங்கின. ஓரத்தில் இருந்தவை வெளிப்புறக் கண்ணைத் திறந்துவைத்து, பாதி மூளையை விழிப்பில் நிறுத்தித் தூங்கின. இரண்டு கண்ணையும் மூடித் தூங்குவது, பக்கத்தில் யாரோ விழித்திருக்கிறார்கள் என்ற நம்பிக்கையால் கிடைக்கிற செல்வம். நம் குழந்தைகள் தூங்குவது அந்தச் செல்வத்தால். அம்மா இருந்தவரை நான் தூங்கியதும் அந்தச் செல்வத்தால்தான்.

தமிழில் 'அடைதல்' என்று ஒரு சொல் இருக்கிறது. கோழி கூட்டில் அடைகிறது. நாம் கதவை அடைக்கிறோம். கோழி முட்டையை அடை காக்கிறது. நம்பி வந்தவரைக் காப்பதற்கு 'அடைக்கலம்' என்று பெயர். வந்து சேர்வதும் வாசலை மூடுவதும் பொறுத்திருந்து காப்பதும் நம் மொழியில் ஒன்றுக்கொன்று உறவு. சிலப்பதிகாரத்தில் கண்ணகியை மாதரி என்ற இடைக்குல மூதாட்டியிடம் அடைக்கலமாக ஒப்படைக்கிறார் கவுந்தியடிகள். கோவலனைக் கொன்றது மாதரியல்ல. பொற்கொல்லன் பொய் சொன்னான். அரசன் ஆராயாமல் ஆணையிட்டான். மாதரிக்கு அதில் எள்ளளவும் பங்கில்லை. இருந்தும், அடைக்கலமாக வந்தவர்களை இழந்துவிட்டேனே என்று அவள் தீயில் புகுந்து உயிர் விட்டதாக இளங்கோவடிகள் சொல்கிறார். மாணவனாக இருந்தபோது இந்தப் பகுதி எனக்கு மிகையாகத் தோன்றியது. இப்போது தோன்றவில்லை. தீயில் புக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. "நான் கொல்லவில்லையே" என்பது மட்டும் அவளுக்குப் போதுமான பதிலாக இருக்கவில்லை என்பதைச் சொல்கிறேன்.

இனி என் நேரமின்மையைப் பற்றி. அதுதானே என் தரப்பு வக்கீல்!

பக்கத்து வீட்டு அத்தை கைம்பெண். விடியுமுன் எழுந்து கீரனூருக்குக் காய் கொண்டுபோய் விற்றுவிட்டு, பத்து மணிக்குத் திரும்பி வயல் வேலைக்குப் போகிறாள். மாலையில் மாட்டைப் பிடித்துக் கட்டி, உலை வைத்து, பேரப்பிள்ளைகளுக்குச் சோறு போட்டுப் படுக்கிறாள். அவளுடைய ஒரு நாளோடு என் நாளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நான் ஓய்வூதியக்காரன். அவளிடம் இருபது கோழி இருக்கின்றன. பருந்துக்கு ஒன்றிரண்டு குஞ்சு கொடுத்திருக்கிறாள். இரவில் ஒன்றைக் கூடப் பறிகொடுத்ததில்லை. அவளுடைய கூடு செம்புரான் கல்லை அடுக்கி மேலே பலகை போட்டது. தாய்க்கோழிக்கும் குஞ்சுகளுக்கும் ஒரு பழைய பஞ்சாரம். அதன் மேல் உடைந்த அம்மிக்கல்.

"உங்களுக்கு மறந்ததே இல்லையா அத்தை?" என்று கேட்டேன்.

"மறக்காம என்ன தம்பி? மனுசருதானே. அதுக்குத்தான் கோழிய அடைச்ச பெறகுதான் வெளக்கப் போடுறதுன்னு வச்சிருக்கேன். கோழிய அடைக்காம சுவிச்சுல கை வைக்க மாட்டேன். இருட்டுலயே உக்காந்திருக்க முடியுமா? வெளக்கு வேணும்னா கோழிய அடைச்சுத்தானே ஆகணும்!"

"வெளியூர் போனா?"

"போறதுக்கு முந்தியே ஆளு சொல்லிட்டுத்தான் போவேன். ராத்திரி போன் போட்டு 'அடைச்சியா'ன்னு கேக்க மாட்டேன். 'எத்தனை'ன்னு கேப்பேன். அடைச்சேன்னு பொய் சொல்லிறலாம். எத்தனைன்னு கேட்டா போயி எண்ணித்தானே ஆகணும்?"

நான் மேடையில் ஒரு மணி நேரம் பேசிய கருணையை அவள் இரண்டு வாக்கியத்தில் முடித்துவிட்டாள். என்னிடம் இருந்தது உணர்ச்சி. அவளிடம் இருந்தது ஏற்பாடு. செத்த கோழிகளைக் கண்டு என் மனம் பட்ட வேதனை அவள் மனம் படாமல் இருக்கலாம். ஆனால் அவள் கோழிகள் உயிரோடு இருக்கின்றன. நமக்கு அன்பு குறைவு என்பதால் உலகத்தில் நடக்கிற தீங்கைவிட, அன்பு உண்டு என்ற தைரியத்தில் ஏற்பாடு செய்யாமல் விட்டதால் நடக்கிற தீங்கு அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது.

எண்ணுதல் என்பதற்கும் தமிழில் இரண்டு பொருள். ஒன்று, இரண்டு என்று எண்ணுவது, மனத்தில் நினைப்பது. அத்தைக்கு இரண்டும் ஒன்றே. எண்ணிப் பார்க்காமல் நினைப்பதாகச் சொல்வதை அவள் நம்புவதில்லை.

நடந்ததைக் கேள்விப்பட்ட என் மருமகன், வெளிநாடுகளில் இதற்கென்றே இயந்திரக் கதவு விற்கிறார்கள் என்று சொன்னார். வெளிச்சம் குறைந்ததும் தானே இறங்கி மூடிக்கொள்ளும்; விடிந்ததும் தானே தூக்கிக்கொள்ளும். "நம்ம ஊருக்கும் தருவிக்கலாம் மாமா" என்றார். நல்ல சாதனம்தான்; நான் இயந்திரத்துக்கு விரோதியல்ல. மறதியுள்ள மனிதனைவிட மறதியில்லாத கதவு மேல். ஆனால் அந்தக் கதவுக்கும் எண்ணத் தெரியாது. பதின்மூன்றில் ஒன்று வெளியே தங்கிவிட்டால், நேரம் தவறாமல் மூடி அதை வெளியிலேயே விட்டுவிடும். உள்ளே ஒரு சாரைப்பாம்பு முன்பே வந்து படுத்திருந்தால் அதையும் சேர்த்து மூடிவிடும். கடமையில் ஒரு பாதியை இயந்திரத்துக்குக் கொடுக்கலாம். போய்ப் பார்க்கிற பாதியைக் கொடுக்க முடியாது.

தமிழ்நாட்டில் அரசாங்கமே கிராமத்துப் பெண்களுக்கு நாட்டுக்கோழிக் குஞ்சுகள் கொடுத்தபோது, இராக்கூண்டு கட்டவும் உதவித்தொகை சேர்த்துக் கொடுத்தது. திட்டம் போட்டவர்களில் யாரோ கோழி வளர்த்த வீட்டுப் பிள்ளை என்று நினைத்துக்கொண்டேன். குஞ்சைக் கொடுப்பது தானம். கூண்டையும் சேர்த்து நினைப்பதுதான் பொறுப்பு. இருந்தாலும், கூண்டுக்குப் பணம் கொடுக்கிற அரசாங்கம் ஒவ்வொரு மாலையும் வந்து கதவைச் சாத்த முடியாது.

பிறகு நான் என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். செத்தவற்றை வாழை மரத்தடியில் ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்தேன். கூட்டைச் சுற்றி அடித்தளத்தில் கல் பதித்தேன். கோழி வலை என்று கடையில் விற்கிற மெல்லிய வலையை நாய் கூடக் கிழித்துவிடும் என்று அத்தை சொன்னதால், அரை அங்குலக் கண்ணுள்ள கெட்டிக் கம்பி வலையாக மாற்றினேன். மிச்சத் தீனியை இரவில் உள்ளே வைப்பதில்லை. தீனிக்கு எலி வரும், எலிக்குப் பாம்பு வரும். எந்தக் கூட்டத்துக்கும் ஒப்புக்கொள்வதற்கு முன், அன்று மாலை கதவை யார் சாத்துவது என்று முடிவு செய்துகொள்கிறேன். நான் இல்லாத நாட்களில் அத்தை பார்த்துக்கொள்கிறாள். பணம் கொடுத்தேன், வாங்கவில்லை. "வாரத்துக்கு விடுங்க தம்பி" என்றாள். முட்டையிலும் குஞ்சிலும் பாதி அவளுக்கு. இது எங்கள் பக்கத்துப் பழைய வழக்கம். இரவல் உதவியைவிட இது நல்லது. இப்போது அவளும் எண்ணுகிறாள், நானும் எண்ணுகிறேன்.

அந்தப் பொங்கலுக்கு என் வீட்டில் கோழி அறுக்கவில்லை. இதை வைராக்கியம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அடுத்த பொங்கலுக்கு என்ன செய்வேன் என்று என்னால் சொல்ல முடியாது. வளர்த்ததை உண்ணலாமா என்ற பெரிய கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. சின்னக் கேள்விக்கு மட்டும் விடை இருக்கிறது. பெரிய கேள்விக்கு விடை தெரியவில்லை என்பதற்காகச் சின்னக் கேள்வியின் கதவைத் திறந்து போட்டுவிட்டுப் போகக் கூடாது.

அம்மா பரிசு விழாவுக்கு வராதது பற்றி இப்போது எனக்கு வருத்தமில்லை. அன்றைக்கு மேடையில் எனக்குப் பொன்னாடை போர்த்திய அதே நேரத்தில், முந்நூறு கிலோமீட்டருக்கு இப்பால் அவள் குனிந்து, ஒன்று, இரண்டு என்று எண்ணிக் கதவைச் சாத்தியிருப்பாள். அவள் மகனை விடக் கோழியைப் பெரிதாக நினைக்கவில்லை. மகனுக்குப் பார்த்துக்கொள்ள ஊரில் நாலு பேர் உண்டு. கோழிக்கு அவளை விட்டால் ஆளில்லை. அவள் கணக்கு அவ்வளவுதான்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே ஜன்னலில் வெளிச்சம் மங்கிவிட்டது. மிச்சம் இருந்த நாலில் இரண்டு அடை வைத்து, இப்போது குஞ்சும் தாயுமாகப் பதினேழு உருப்படி இருக்கின்றன. முதலில் சேவல் உள்ளே போகும். கடைசியில் அந்தக் கறுப்புப் பெட்டை வாசலில் நின்று ஒரு தரம் சுற்றிப் பார்த்துவிட்டுப் போகும். நான் இன்னும் விளக்கைப் போடவில்லை. போய் எண்ணிவிட்டு வந்துதான் போட வேண்டும்.